ஓடாவி செய்த விசைப்பெட்டி: ஒரு தவணை பாவித்துப் பார்த்ததில்

வைகாசிக் கடைசியில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு மரப்பெட்டி வாங்கினேன். விசைகளின் சமநிலையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற பெட்டி. செய்தவர் காத்தான்குடிப் பக்கத்து ஓடாவி ஒருவர். தோணி கட்டுவதும் கதவு, யன்னல் செய்வதும்தான் அவருடைய அன்றாடத் தொழில். கடைப்பெயரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. தரம் 10, 11 வகுப்புகளில் ஒரு தவணை முழுக்கப் பாவித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்லதும் இருக்கிறது, திருத்த வேண்டியதும் இருக்கிறது.

நான் ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போய் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்று தனி அறை கிடையாது. வகுப்பறையின் பின்மூலையில் ஓர் அலுமாரி, அதற்குள் நாலைந்து சோதனைக் குழாய், கொக்கி வளைந்த ஒரு விற்றராசு, அவ்வளவுதான். கரும்பலகையில் அம்புக்குறி கீறித்தான் இத்தனை வருடமும் இந்தப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் அம்புக்குறியைப் பாடமாக்கிவிடுவார்கள். ஆனால் மேசையில் கிடக்கிற புத்தகத்தைக் காட்டி, இதில் என்ன விசைகள் தாக்குகின்றன என்று கேட்டால், வருடா வருடம் ஒரே பதில்தான் வரும்: “ஒண்டுமில்ல டீச்சர், அது சும்மாதானே கிடக்கு.”

அந்தச் “சும்மா”வைப் பிள்ளைகளின் மனதில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அசையாமல் கிடக்கிற ஒரு பொருளை இரண்டு மூன்று பேர் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், இழுவைகள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால்தான் அது அசையவில்லை என்பதைக் கையால் தொட்டு உணர்ந்தால் ஒழிய நம்ப மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி ஏமாந்திருந்தேன். அதன் கப்பி ஆணியில் செருகிய பிளாஸ்டிக் சில்லு. உராய்வு அவ்வளவு அதிகம், நடு வளையத்தை நாலு விரல் தூரம் எங்கே தள்ளிவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். எங்கே வேண்டுமானாலும் சமநிலை வரும் என்று பிள்ளைகள் எழுதினார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினார்கள்! நான்தான் பிழையான சாமானைக் காட்டியிருந்தேன்.

அதனால் இந்த முறை கொப்பியில் படம் கீறிக்கொண்டு ஓடாவியிடம் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வியே எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

“இந்தக் கப்பி பாரம் தூக்கவா டீச்சர், காட்டவா?”

“காட்டத்தான் காக்கா.”

“அப்ப ஊதினாலும் சுத்தணும்.”

மூன்று கிழமையில் தந்தார். அன்றைக்குக் கச்சான் காற்று. ஸ்கூட்டியின் பின் ஆசனத்தில் குறுக்கே கட்டிய பெட்டியோடு மண்முனைப் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. காற்று வருகிற பக்கமாக வண்டியைச் சரித்துப் பிடித்தபடியேதான் பாலம் முழுக்க ஓடினேன். காற்றின் திருப்பம் ஒரு பக்கம், சரிந்த பாரத்தின் திருப்பம் மறுபக்கம். பெட்டியைத் திறக்க முன்னமே பாடம் தொடங்கிவிட்டது என்று அடுத்த நாள் வகுப்பில் அதைத்தான் முதலில் சொன்னேன்.

பெட்டிக்குள் இருப்பவை: 75க்கு 60 சென்ரிமீற்றர் அளவில் நிமிர்த்தி வைக்கிற பலகை, அதன் மேல் மூலைகளில் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கப்பிகள், ஒரு பித்தளை வளையம், 50 கிராம் தொடக்கம் 500 கிராம் வரை ஈயப் படிகள், ஒரு மீற்றர் நீளத் தேக்கங்கோல், இரண்டு விற்றராசு, மேசன்மார் பாவிக்கிற மாதிரி ஒரு சின்னத் தூக்குக்குண்டு. பெட்டி மூடியே பலகைக்குத் தாங்கியாக நிற்கிறது. நல்ல யோசனை அது, மேசைக்கு மேல் ஆடாமல் நிற்கிறது.

முதலில் வளையம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், காசு இதற்குத்தான் கொடுத்தேன். வளையத்தில் மூன்று நூல். இரண்டு நூல் இரு கப்பிகளுக்கும் மேலால் போய்ப் படிகளில் முடிகிறது, மூன்றாவது நேரே கீழே தொங்குகிறது. வளையத்துக்கு நடுவில் பலகையில் ஓர் ஆணியைக் குத்தி, வளையத்தை அசையாமல் வைத்துவிட்டு மூன்று நூலிலும் 200 கிராம் வீதம் மாட்டினேன். ஆணியை உருவினால் வளையம் எங்கே போகும் என்று பிள்ளைகளைப் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். பலகை முழுக்கப் புள்ளிகள். உருவினேன். வளையம் ஒரு தரம் துள்ளி, இரண்டு தரம் ஆடி, கப்பிகளை இணைக்கிற கோட்டுக்கு 17 சென்ரிமீற்றர் கீழே, நடுவில் வந்து நின்றது. பாகைமானியை வைத்துப் பார்த்தோம். மூன்று நூலுக்கும் இடையில் 120 பாகை வீதம். எல்லாவற்றையும் 100 கிராமாக மாற்றினோம், அதே இடம், அதே 120. மூன்றையும் 300 ஆக்கினோம், அதே இடம். “பாரம் மாறுது, இடம் மாறல்லியே” என்று முன்வாங்குப் பையன் ஒருவன் எழும்பி நின்றே சொன்னான். எத்தனை வருடம் கரும்பலகையில் கீறினாலும் அந்த வசனம் அவன் வாயில் வந்திருக்காது.

மறுகா 300, 400, 500. நடுவில் தொங்குவது 500. ஆணியை உருவியதும் வளையம் 400 கிராமின் கப்பிப் பக்கமாக ஒதுங்கி நின்றது. மேல்நூல்கள் இரண்டுக்கும் நடுவில் மூலைமட்டத்தை வைத்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது, 90 பாகை. மற்ற இரண்டு கோணங்களும் ஏறத்தாழ 127, 143. மூன்றும் நான்கும் ஐந்தும் செங்கோண முக்கோணி என்று கணித டீச்சர் சொன்னது இங்கே நூலும் ஈயமுமாக வந்து நிற்கிறதே என்று இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பரீட்சைக்கு வேண்டுமா வேண்டாமா என்று பார்க்காமல் இணைகரமும் வரைந்தோம். நூலுக்குப் பின்னால் முகம்பார்க்கிற கண்ணாடித் துண்டை வைத்து, நூலும் அதன் விம்பமும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் புள்ளி போட்டால் கோடு பிசகாது. 100 கிராமின் நிறை ஏறத்தாழ 1 நியூற்றன். 1 நியூற்றனுக்கு 2 சென்ரிமீற்றர் என்று எடுத்தால், மேல்நூல்கள் இரண்டின் இழுவையைக் காட்டுகிற பக்கங்கள் 6, 8. இரண்டும் சேர்ந்த இழுவையைக் காட்டுகிற மூலைவிட்டம், நடுவில் தொங்குகிற 500 கிராமுக்குச் சமனாக 10 வர வேண்டும், எங்களுக்கு 9.7 வந்தது, நிலைக்குத்தில் இருந்து ஒரு பாகை இரண்டு பாகை விலகியும் இருந்தது. அந்த 0.3 எங்கே போனது என்று தேடியதுதான் இந்தத் தவணையிலேயே எனக்குப் பிடித்த இரண்டு பாடவேளைகள்.

தேடியதில் பிடிபட்டவை மூன்று. மூன்றும் பெட்டியின் குறைகள்தான்.

ஒன்று, கிறீஸ். கப்பிகளுக்கு நடுவில் 608 இலக்கப் பெயாரிங் போட்டிருக்கிறார். உள்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, எந்த ஹாட்வெயாரிலும் எடுக்கலாம். பெயாரிங் நல்லதுதான், ஆனால் உள்ளே கிறீஸ் அடைத்தபடியே வருகிறது. பெரிய பாரத்துக்கு அது வேண்டும். 100 கிராமுக்கு அந்தக் கிறீஸே ஒரு பாரம். வளையத்தை மேலே தள்ளிவிட்டால் ஓர் இடத்திலும், கீழே இழுத்துவிட்டால் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி இன்னோர் இடத்திலும் நின்றது. ஓடாவியிடம் சொன்னதும் மூடியைக் கழற்றி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, தையல் மெசின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டுத் தந்தார். இப்போது நாலு மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டது. மிச்சம் இருக்கிற உராய்வுக்கு ஒரு வழி இருக்கிறது: மேலே தள்ளிவிட்டு நிற்கிற இடத்தையும் கீழே இழுத்துவிட்டு நிற்கிற இடத்தையும் குறித்து, நடுவை எடுங்கள். உராய்வு அசைவுக்கு எதிராகத்தானே நிற்கும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை விடும்.

இரண்டு, படிகள். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை உருக்கி வார்த்திருக்கிறார். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம் என்பதால் 100 கிராம் படி தோடம்பழச் சுளை அளவுதான், கைக்கு அடக்கம். ஆனால் நகைக்கடை இலத்திரனியல் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். 100 என்று குத்தியிருந்தவை 98 தொடக்கம் 103 வரை இருந்தன. குறைந்தவற்றில் ஈயம் ஒட்டி, கூடினவற்றை அராவித் திருத்தித் தந்தார், காசு வாங்கவில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஈயம் நஞ்சு. பிள்ளைகள் தொட்ட கையோடு சாப்பிடக்கூடாது. நான் சொல்லி எல்லாப் படிக்கும் எனாமல் பெயின்ற் அடித்தார், அதற்குப் பிறகும் செய்முறை முடிந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒருவரையும் இடைவேளைக்கு விடுவதில்லை. நீங்கள் வாங்குவதென்றால் இரும்பில் செய்து தரச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிதாக இருக்கும், பரவாயில்லை.

மூன்று, நூல். தங்கூசி கட்டித் தந்திருந்தார். உருளையில் சுற்றியிருந்த வளைவு அதை விட்டுப் போகாது, சின்னப் பாரத்துக்கு நேராக நிற்காது. வலை பின்னுகிற மெல்லிய நூலை மாற்றிக் கட்டினேன், சரியாகிவிட்டது.

வளையத்தில் இன்னும் ஒன்று. இரண்டு பக்கமும் 200, நடுவில் 500 போட்டுப் பார்ப்போம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். விட்டதும் நடுப்படி தடாரென்று இறங்க, பக்கத்துப் படிகள் இரண்டும் ஏறிப்போய்க் கப்பியில் அடித்து நின்றன. ஒரு கப்பியின் விளிம்பு தெறித்தது. இரண்டு பேர் எந்தப் பக்கம் நின்று இழுத்தாலும் இருவரின் மொத்த வலுவை மிஞ்சின மூன்றாமவனை நிறுத்த முடியாது என்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் கப்பிக்கு அரை அங்குலம் கீழே ஒரு தடை வைத்திருந்தால் விளிம்பு தப்பியிருக்கும். எதிர்ப்பக்கமாக, இரு பக்கமும் 1 கிலோ வீதம் கட்டி நடுவில் 100 கிராம் மட்டும் மாட்டினால் நூல் கிடையாக நிற்பது போலத் தோன்றும். அடிமட்டத்தை வைத்தால் மூன்று பாகை தொய்வு இருக்கிறது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் உடுப்புக் காயப்போடுகிற கொடி நடுவில் தொய்வது அதனால்தான். கிடையான நூலுக்கு மேல்நோக்கி இழுக்க வழியில்லை, கொஞ்சமாவது சரிந்தால்தான் நடுப்பாரத்தைத் தாங்கலாம். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்க் கொடியை இழுத்துக் கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா ஏசினா டீச்சர், ஆனா உண்மைதான், நேராகுதேயில்ல” என்று வந்து சொன்னாள்.

விற்றராசு இரண்டும் வாங்கிப் போட்டவை, ஓடாவி செய்தவை அல்ல. ஆனால் அவற்றைப் பலகையில் பூட்டுகிற விதம் அவருடையது, அங்கேதான் இந்தப் பெட்டி என் காசுக்குப் பெறுமதி தந்தது. ஒரு விற்றராசை இரண்டு கப்பிகளுக்கும் நடுவில் கிடையாகப் பிடித்து, இரு பக்கக் கொக்கியிலும் நூல் கட்டி, இரண்டு நுனியிலும் 500 கிராம் வீதம் தொங்கவிட்டேன். அளவிடையை ஒரு கடதாசியால் மறைத்துவிட்டு எவ்வளவு காட்டும் என்று கேட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 1 கிலோ என்றார்கள். மூன்று பேர் பூச்சியம் என்றார்கள், இரண்டு பக்கமும் இழுப்பதால் வெட்டுப்பட்டுவிடுமாம். கடதாசியை எடுத்தேன். 500 கிராம்.

ஒருவரும் நம்பவில்லை. விற்றராசு பழுது என்றார்கள். மற்றதை மாட்டினோம், அதுவும் 500. அப்போது ஒரு பக்கத்துப் படியைக் கழற்றிவிட்டு, அந்த நூலை இழுத்துப் பலகையில் இருந்த ஆணியில் கட்டினேன். இப்போது ஒரு பக்கம் 500 கிராம் படி, மறுபக்கம் ஆணி. விற்றராசு காட்டுவது அதே 500. வகுப்பு அமைதியாகிவிட்டது. “அப்ப ஆணியும் இழுக்குதா டீச்சர்?” என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல். ஓம் மகள், ஆணியும் இழுக்கிறது. படி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு. சுவரில் அறைந்த ஆணி, மேசை, தரை எல்லாம் இப்படித்தான். சும்மா கிடக்கவில்லை.

அந்த இடத்தில் இருந்து புத்தகத்துக்குத் திரும்புவது எவ்வளவு இலகுவாக இருந்தது தெரியுமா? மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பொஞ்ச் துண்டை மேசையில் வைத்து, அதன் மேல் 500 கிராம் படியை வைத்தேன். ஸ்பொஞ்ச் பதிந்து, பதிந்த அளவுக்கு மேல்நோக்கித் தள்ளுகிறது. மேசைப் பலகையும் பதிகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அதுதான் செவ்வன் மறுதாக்கம். இதே இடத்தில் பிள்ளைகள் மட்டுமில்லை, படித்த பெரியவர்களும் விடுகிற ஒரு பிழை இருக்கிறது. புத்தகத்தின் நிறையும் மேசையின் மறுதாக்கமும் நியூற்றனின் மூன்றாம் விதிச் சோடி என்று சொல்லிவிடுவார்கள். இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் தாக்குகின்றன, மூன்றாம் விதிச் சோடி எப்போதும் வேறு வேறு பொருள்களில் தாக்கும். மேசையை எடுத்துவிடுங்கள். மேசையின் தள்ளல் போய்விட்டது, பூமியின் இழுவை போகவில்லை, புத்தகம் விழுகிறது. ஒன்று போன பிறகும் மற்றது இருக்கிறதென்றால் அவை எப்படிச் சோடியாகும்? பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது, அதுதான் ஒரு சோடி. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, புத்தகம் மேசையைத் தள்ளுகிறது, அது இன்னொரு சோடி. இதைப் பிழையாக எழுதிப் புள்ளி இழந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனிக் கோல். தேக்கங்கோலில் மில்லிமீற்றர் வரைக்கும் கோடு கீறியிருக்கிறார், கோடுகள் சுத்தம். மேல் விளிம்பின் நடுவில் ஒரு பித்தளைக் காது, அதில் ஒரு துளை. கோலின் நடு அகலத்தில் இன்னொரு துளை. கத்திவிளிம்பில் வைத்தால் 50இல் நிற்காது, 49.7இல் நிற்கும். மரம் எல்லா இடத்திலும் ஒரே செறிவாய் இருப்பதில்லை, இதைக் குறையாக எடுக்கவில்லை. 49.7ஐ முதலில் கண்டுபிடித்துவிட்டே வேலை தொடங்க வேண்டும் என்ற பழக்கம் பிள்ளைகளுக்கு வருகிறது. அந்தப் புள்ளியில் இருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் 100 கிராமை மாட்டினால், மறுபக்கம் 150ஐ 20 தூரத்திலோ 200ஐ 15 தூரத்திலோ மாட்டிச் சரிக்கட்டலாம். பாரத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் திருப்பம், அது இரு பக்கமும் சமனாக இருக்க வேண்டும். துலாமிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்து ஆட்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், அடிமரத்தில் கல்லை எங்கே கட்டுவது என்று சொல்வார்கள்.

கோலின் பாரத்தைக் கோலாலேயே கண்டோம். கத்திவிளிம்பை 40க்கு நகர்த்தினால் நீளமான பக்கம் தாழும். குட்டைப் பக்கத்தில் 100 கிராமை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் 31.8இல் கோல் கிடையாக நின்றது. அந்தப் பக்கம் 100ஐ 8.2ஆல் பெருக்கினால் 820. இந்தப் பக்கம் கோலின் நிறை முழுவதும் 49.7இல் இருப்பதாக எடுத்தால் தூரம் 9.7. வகுத்தால் 84.5 கிராம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற பலசரக்குக் கடைத் தராசில் கோலைக் கொண்டுபோய் வைத்தோம், 85 காட்டியது. கடைக்கார அண்ணன் எதற்கு இத்தனை பிள்ளைகள் ஒரு தடியைச் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள் என்று கேட்டு, விளக்கம் முழுவதையும் நின்று கேட்டார்.

கோலில் ஒரு புதிர் வந்தது. நடுத்துளையில் கம்பியைச் செருகி வெறுங்கோலைத் தொங்கவிட்டால் எந்தச் சரிவில் விட்டாலும் அப்படியே நிற்கிறது, நொதுமல் சமநிலை. பித்தளைக் காதில் தொங்கவிட்டால் தட்டிவிட்டாலும் ஆடி ஆடிக் கிடைக்கு வந்துவிடுகிறது, உறுதிச் சமநிலை. கோலைத் தலைகீழாக்கிக் காது கீழே வரப் பிடித்தால் ஒரு நொடி நின்றுவிட்டுக் குப்புற விழுகிறது. மூன்று வகையும் ஒரே தடியில்! இதுவரை சரி. நடுத்துளையில் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமதூரத்தில் 150 கிராம் வீதம் மாட்டினோம். திருப்பங்கள் சமன், நிற்க வேண்டும். நிற்கவில்லை. கையை எடுத்ததும் “கோல் கிறுகுது டீச்சர்!” என்று கத்தினார்கள். எத்தனை தரம் சரியாக வைத்தாலும் கிறுகியது. பெட்டி பழுது என்றுதான் நானும் ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

இரவு படுக்கையில்தான் பிடிபட்டது. படி தொங்குகிற நூல் தடம், அதாவது நூற்சுருக்கு, கோலின் மேல் விளிம்பில் அல்லவா கிடக்கிறது! கோல் நடுத்துளையில் தொங்குகிறது, பாரம் தாக்குகிற இடமோ துளைக்கு மேலே 13 மில்லிமீற்றரில். கோல் கொஞ்சம் சரிந்தால் மேலே இருக்கிற பாரம் சரிந்த பக்கமே கூடப்போகும். ஈர்ப்பு மையம் சுழலிடத்துக்கு மேலே வந்துவிட்டது, அதுதான் விசயம். பித்தளைக் காதில் மாட்டினால் நூல் தடம் துளைக்குக் கீழே வரும், கிறுகாது. அடுத்த நாள் மாட்டிக் காட்டினேன், நின்றது. வீச்சு வலை எறிகிறவர் தோணியில் எழும்பி நிற்கும்போது ஏன் காலை அகட்டுகிறார் என்று கேட்டேன். கை உயர்த்தாத பிள்ளை இல்லை, எல்லார் வீட்டிலும் தோணி தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறார்.

தூக்குக்குண்டைப் பற்றி ஒரு விசயம் மட்டும். அட்டையில் வெட்டிய உருவங்களின் ஈர்ப்பு மையம் காண அது வழக்கமாக உதவும், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நான் அதைச் சுற்றுலா பஸ்ஸிலும் கொண்டுபோனேன். கல்லடிப் பாலத்தில் பஸ் ஒரே வேகத்தில் ஓடும்போது யன்னல் கம்பியில் கட்டிய குண்டு வகுப்பறையில் தொங்கிய மாதிரியே நேரே தொங்கியது. பாலம் முடிகிற இடத்தில் சாரதி பிறேக் பிடித்ததும் முன்னால் சரிந்தது. 1687இல் நியூற்றன் எழுதிய முதலாம் விதிக்கு ஓய்வும் ஒரே நேர்கோட்டில் ஒரே வேகமும் ஒன்றுதான், இரண்டிலும் எல்லா விசையும் சேர்ந்து வருகிற விளையுள் விசை பூச்சியம். ஓடுகிற பஸ்ஸும் சமநிலையில் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் குண்டைப் பார்த்தே சொன்னார்கள். பக்கத்தில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம். அதன் சட்டங்கள் சந்திக்கிற மூட்டுகளைக் காட்டி, ஒவ்வொன்றும் எங்கள் பித்தளை வளையம் மாதிரி என்றேன். நூல் இழுக்க மட்டும்தான் செய்யும், இரும்புச் சட்டம் தள்ளவும் செய்யும், வித்தியாசம் அவ்வளவுதான்.

யார் வாங்கலாம்? உயர்தரப் பௌதிகவியல் செய்முறைக்கு இது போதாது, கோணங்களில் ஒரு பாகை பிழை விடுகிறது. சாதாரண தர வகுப்புக்கும் வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளைக்கும் தயங்காமல் வாங்கலாம். விலை ஒரு ஆசிரியருக்குச் சின்னத் தொகை அல்ல, ஆனால் எது பிழைத்தாலும் திருத்தித் தருகிற கை பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: தோணி வேலை கூடின நாட்களில் அவரை அவசரப்படுத்த வேண்டாம், மூன்று கிழமை என்றால் ஐந்து கிழமை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருக்காக இரண்டாவது பெட்டிக்குச் சொல்லப் போனேன். கழுவின பெயாரிங், இரும்புப் படி, வலை நூல், கப்பிக்குக் கீழே தடை என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். கோலின் நடுக்கோட்டில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளையிட்டுக் கொக்கி மாட்ட வேண்டும், சுழல்துளை அந்தக் கோட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் மேலே இருக்க வேண்டும் என்றேன். அவ்வளவு கிட்ட இருந்தால் கோல் கிறுகாது, சின்னப் பார வித்தியாசத்துக்கும் நன்றாகச் சரிந்து காட்டும். காக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய், பாதி சீவின தேக்கங்கோல் ஒன்றை எடுத்துவந்து கையில் தந்தார். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே பென்சிலால் ஏற்கெனவே ஒரு புள்ளி போட்டிருந்தது.

“அண்டைக்கு நீங்க கிறுகுது எண்டு சொன்னதும் நானும் வெறுங்கோலத் தொங்கப்போட்டுப் பாத்தன் டீச்சர். இந்த இடம் சரியா, இன்னும் பதியணுமா?”

அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நாலு மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.